எதைக் கேட்பது, எதை விடுவது?

நவம்பர் நடுவில் ஆறு தேர்களும் நிலைக்குத் திரும்பியதும் கல்பாத்தி அக்ரஹாரத்தில் இன்னொரு வேலை ஆரம்பமாகிவிடும். திண்ணையில் செய்தித்தாள் விரியும். மூக்குக் கண்ணாடி ஏறும். கையில் ஒரு பென்சில். சென்னை டிசம்பர் சீசனின் நிகழ்ச்சி நிரல்களைப் புரட்டி, எந்த நாள், எந்தச் சபா, எந்த வித்வான் என்று கோடு போடுகிற வேலை. மகனோ மகளோ சென்னையில் இருக்கிறார்கள். தங்குவதற்கு இடம் பிரச்னையில்லை. பாலக்காடு சந்திப்பிலிருந்து ராத்திரி ரயில் இருக்கிறது. கைவசம் இல்லாதது ஒன்றுதான்: மாலை ஆறரை மணிக்கு ஒரே ஆள் ஐந்து சபாக்களில் உட்காரும் வித்தை.

கல்பாத்திக்காரர்களுக்கு மட்டும் வந்த சங்கடமல்ல இது. மும்பை மாதுங்காவிலிருந்தும், டில்லி கரோல்பாகிலிருந்தும், பெங்களூர் மல்லேஸ்வரத்திலிருந்தும் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் லீவு போட்டுவிட்டு சென்னைக்கு வருகிற ரசிகர்கள் உண்டு. பல அரங்குகளில் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி நடத்தும் எந்தக் கூட்டத்துக்குப் போகிறவருக்கும் இதே பாடுதான். டாக்டர்கள் மாநாடாக இருக்கட்டும், இணையத்தில் தேடுகிறவர்களை வாடிக்கையாளர்களாக்குவது எப்படி என்று சொல்லித்தரும் விற்பனையாளர்கள் மாநாடாக இருக்கட்டும், 2006 முதல் நடந்துவரும் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவாக இருக்கட்டும், வாசலில் ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அவரவர் சாமர்த்தியம். சாமர்த்தியம் போதாதவர் பாதி நேரத்தை வாசல்களில் கழித்துவிட்டு, நல்லதெல்லாம் பக்கத்து அரங்கில் நடந்ததாகக் கேள்விப்பட்டுத் திரும்புகிறார்.

வேடிக்கை என்னவென்றால், கல்பாத்தியில் வளர்ந்த காதுக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் பழக்கமே கிடையாது. அங்கே தேருக்கு முந்தைய நாட்களில் நடக்கும் சங்கீத உற்சவத்தில் ஒரே மேடைதான். டிக்கெட் கிடையாது. மாலையில் போய் உட்கார்ந்தால், அன்று யார் பாடுகிறாரோ அவர்தான் வித்வான். கேரள அரசுத் துறைகளின் ஆதரவில் நடக்கும் இந்த விழாவுக்குப் பின்னணியாக இருப்பது விசுவநாத சுவாமி கோயில் தேர்த்திருவிழா. காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்த லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை 1,320 பொற்காசுகளைப் பாலக்காட்டு அரசரிடம் ஒப்படைத்து, 1425-இல் ஆற்றங்கரையில் கோயில் எழுந்ததாகத் தலவரலாறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்ற சொலவடையும் உண்டு. விசுவநாதர் கோயிலின் மூன்று தேர்களோடு பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம் கோயில்களின் தேர்களும் கடைசி நாள் மாலை தெருவில் சந்திக்கின்றன. யானை பின்னாலிருந்து முட்டித் தள்ள, ஜனங்கள் முன்னால் வடம் பிடிக்க, எல்லாம் ஒரே தெருவுக்கு வந்து சேரும். எதையும் தவறவிட்டோம் என்ற கவலை அங்கே யாருக்கும் இல்லை.

ஆனால் அந்தத் தெருவுக்கு வருவதே எல்லோருக்கும் முடிந்த காரியமாக இருந்ததில்லை. வைக்கம் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த 1924-இல், தேர்த்திருவிழா நேரத்தில் ஈழவர்கள் கல்பாத்தி அக்ரஹாரத் தெருவில் நடக்க முயன்றபோது தடுக்கப்பட்டார்கள். பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. யார் கேட்கலாம் என்பதைத் தெருவே தீர்மானித்த காலம் அது. எதைக் கேட்பது என்று கேட்பவர் தீர்மானிக்கிற காலம் பின்னால்தான் வந்தது. 1938-இல் சென்னையிலும் 1950-இல் கோழிக்கோட்டிலும் வானொலி நிலையங்கள் வந்தபோது, தெருவில் கால் வைக்க முடியாதிருந்தவர்களின் வீட்டுக்கும் சங்கீதம் போய்ச் சேர வழி பிறந்தது. பாலக்காட்டை அடுத்த செம்பை கிராமத்தின் வைத்தியநாத பாகவதர் (1896-1974), கிறிஸ்தவரான கே.ஜே. யேசுதாஸைச் சீடராக ஏற்றுச் சொல்லிக்கொடுத்ததும் இதே வட்டாரத்தின் சரித்திரம்தான். பட்டியல் போட்டுக்கொண்டு உட்காருகிற வசதி எத்தனை புதியது என்பதற்காக இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

செம்பையின் பெயரில் குருவாயூரில் நடக்கும் விழா இன்னொரு ரகம். குருவாயூர் ஏகாதசிக்கு முந்தைய நாட்களில், கோட்டாயியில் உள்ள அவர் வீட்டிலிருந்து தம்புராவை எடுத்து வந்து மேடையில் வைக்கிறார்கள். அதற்கப்புறம் பெரியவர், சிறியவர், அரங்கேற்றம் செய்யும் குழந்தை என்று ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக வந்து ஆளுக்குச் சில நிமிடம் பாடிவிட்டுப் போகிறார்கள். அங்கேயும் ரசிகருக்கு வேலையில்லை. நாற்காலி கிடைத்தால் உட்காரலாம், கிடைக்காவிட்டால் நிற்கலாம்.

ஆகவே கல்பாத்தி ரசிகர் நவம்பரில் ஒரு மேடை, ஏகாதசியில் ஒரு மேடை என்று சுகமாகக் கேட்டுவிட்டு, டிசம்பரில் சென்னை வந்து இறங்கியதும் திக்குமுக்காடிப் போகிறார்.

சென்னை சீசன் ஆரம்பத்திலேயே ஒரு மாநாடுதான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கூடவே ஓர் அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. அதன் தீர்மானப்படி 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. காலையில் வித்வான்கள் கூடி ராக லட்சணம் பற்றி விவாதிப்பது, மாலையில் கச்சேரி என்ற ஏற்பாடு அப்படி வந்தது. பிறகு 1932-இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் என்று சேர்ந்து, தியாகராய நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை சபா வந்துவிட்டது. எல்லோருக்கும் டிசம்பர்தான் வேண்டும். 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரங்களின் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த நெரிசலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த நெரிசலில் வழி கண்டுபிடிக்க, பல வருஷம் அடிபட்டவர்கள் கையாளும் முறைகள் சில உண்டு. முதலாவது, பெயர்களிலிருந்து ஆரம்பிக்காமல் நேரத்திலிருந்து ஆரம்பிப்பது. ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி தாங்கும்? காலை விரிவுரையிலிருந்து இரவுக் கச்சேரி வரை ஐந்து நிகழ்ச்சிகள் கேட்க அட்டவணையில் இடமிருக்கிறது. காதில் இடம் இல்லை. மூன்றாவது கச்சேரியில் தோடியும் பைரவியும் ஒன்றாகக் குழம்ப ஆரம்பிக்கும். கவனத்தோடு இரண்டு, அதிகம் போனால் மூன்று. பத்து நாள் தங்குகிறவருக்கு ஆக மொத்தம் இருபது, இருபத்தைந்து கச்சேரிதான் என்று முதலில் ஒப்புக்கொண்டால், பென்சில் சரியாக வேலை செய்யும்.

இரண்டாவது, ஒரே வித்வான் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுகிறார் என்பதை நினைவில் வைப்பது. முன்வரிசைப் பெயர் ஒன்றைத் தவறவிட்டால் நாலு நாளில் வேறு சபாவில் பிடித்துவிடலாம். சீசனில் ஒரே ஒரு கச்சேரி கிடைத்திருக்கிறவரை விட்டால் அடுத்த டிசம்பர்தான். இந்தக் கணக்குப்படி பார்த்தால், முதலில் கோடு போட வேண்டியது பிரபலங்களுக்கு அல்ல. ஆனால் பெரும்பாலோர் அவர்களுக்குத்தான் முதலில் கோடு போடுகிறார்கள். மிச்சமிருக்கும் சந்துகளில் மற்றவர்களைச் செருகப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, பக்கவாத்தியத்தைப் பார்ப்பது. அட்டவணையில் பாடகர் பெயர் பெரிய எழுத்திலும் வயலின், மிருதங்கம் பெயர்கள் சின்ன எழுத்திலும் இருக்கும். பாலக்காட்டுக்காரர் சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பார். காரணம் இருக்கிறது. 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர். அவர் உட்கார்ந்த மேடைகளில் பாட்டுக்கு எவ்வளவு கூட்டமோ, மிருதங்கத்துக்கும் அவ்வளவு கூட்டம். மைக் வேண்டாம், மிருதங்கத்தின் சொந்த நாதமே போதும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்தப் பரம்பரையில் காது வளர்த்தவர்களுக்கு, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபிக்கு எழுந்து போகிற சென்னை வழக்கம் இன்றும் ஜீரணமாவதில்லை. ஒரு கச்சேரியைத் திட்டத்தில் சேர்த்தால் தனியையும் சேர்த்துக் கேட்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அப்படியானால் அடுத்த சபாவுக்கு ஓட முடியாது. ஓடாமலிருப்பதும் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

நான்காவது, பூகோளம். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. மயிலாப்பூருக்குள் பாரதிய வித்யா பவனுக்கும் ரசிக ரஞ்சனி சபாவுக்கும் நடந்தே போகலாம். கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தியாகராய நகரில். ராஜா அண்ணாமலை மன்றம் பாரிமுனையில் தனியாக நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பேட்டை என்று வைத்துக்கொண்டவர் பிழைத்தார். நாலரை மணிக்கு தியாகராய நகரில் எழுந்து ஆறு மணிக்கு மயிலாப்பூரில் உட்கார நினைத்தவர் வர்ணத்தையும் முதல் கீர்த்தனையையும் ஆட்டோவில் விட்டுவிடுவார். சமீப வருஷங்களில் மெட்ரோ ரயில் வேலைக்காக மயிலாப்பூரைச் சுற்றித் தெருக்களைத் திருப்பிவிட்டதில், ஆட்டோக்காரருக்கே வழி புதிதாகிப் போனது.

ஐந்தாவது, எது அப்புறமும் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரிப்பது. 2020-இல் கொரோனா காரணமாக சபாக்கள் இணையத்துக்குப் போயின. கல்பாத்தியில் உட்கார்ந்தபடியே கச்சேரி கேட்கலாம் என்பது அப்போது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு அரங்கத்துக் கூட்டம் திரும்பிவிட்டாலும் ஒளிபரப்பும் ஒரு பக்கம் தொடர்கிறது. படம் பிடித்து விற்கப்படும் கச்சேரியை ஜனவரியில் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். காமிரா வராத சின்ன மண்டபத்துக்கு நேரில்தான் போகவேண்டும். காலை நேரத்து விரிவுரைகளும் இப்படித்தான். அகாடமியின் காலை அமர்வுகளில் ஒரு பெரியவர் ஒரு பிரயோகத்தை இரண்டு விதமாகப் பாடிக்காட்டுவதும், வரிசையிலிருந்து இன்னொரு பெரியவர் எழுந்து ஆட்சேபிப்பதும் நேரில் பார்க்கவேண்டிய விஷயம். தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களின் குரலும் ஆராய்ச்சியாளர்களின் வாதமும் அருகருகே கிடைக்கும். கச்சேரிப் பட்டியலில் கண் வைத்தவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அகாடமியில் இன்னொரு சௌகரியம்: பாடப்போகும் உருப்படிகளின் பட்டியல் முன்கூட்டியே அச்சாகிவிடும். இன்று பிரதான ராகம் என்ன என்று பார்த்துவிட்டுப் போகலாம். இது வரமா சாபமா என்பது ரசிகர்களுக்குள் தீராத வழக்கு. வித்வான் அன்றைய மனநிலையில் என்ன எடுப்பார் என்று காத்திருக்கும் சுகம் போய்விட்டது என்பது ஒரு கட்சி. நாலு நாளாகக் கல்யாணியே கேட்டு அலுத்தவனுக்கு இதைவிட உபகாரம் உண்டா என்பது எதிர்க்கட்சி.

இவ்வளவும் சௌகரியத்துக்கான யோசனைகள். இதற்கடியில் சௌகரியத்தைவிடக் கனமான ஒரு விஷயம் இருக்கிறது. பென்சில் போடுகிற கோடு மேடையில் உட்கார்ந்திருப்பவரின் பிழைப்பையும் தொடுகிறது.

சீசனில் பகல் நேரக் கச்சேரிகள் இளைஞர்களுக்கானவை. பெரும்பாலான சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் நாற்காலிகள் காலி. பத்துப் பன்னிரண்டு வருஷம் குருவிடம் இருந்து கற்றுக்கொண்டு, வயலின்காரரையும் மிருதங்கக்காரரையும் ஏற்பாடு செய்துகொண்டு, ஒன்றேகால் மணி நேரத்துக்குள் தன் வித்தையை எல்லாம் அடக்க முயலும் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எதிரில் அம்மா, அப்பா, குரு, குருவின் வீட்டார், காண்டீனில் இடம் கிடைக்கும்வரை மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெரியவர்கள். சன்மானம் பெயருக்குத்தான். சில இடங்களில் சன்மானத்துக்குப் பதில் பாடுகிறவர்களிடமிருந்தே நன்கொடை எதிர்பார்க்கிறார்கள் என்ற புகாரும் பல வருஷமாகப் பத்திரிகைகளில் அடிபடுகிறது. காலி அரங்கு அந்தப் பழக்கத்துக்கு உரம். பெண்ணைக் கேட்க ஐம்பது பேர் வந்தால், அடுத்த வருஷம் சபாக் காரியதரிசி பேசும் தொனியே மாறிவிடும்.

சீசன் யாரை மதித்தது, யாரை மறந்தது என்ற கணக்கும் இதில் வருகிறது. பாலக்காட்டுப் பக்கத்து மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். கனத்த சாரீரம், நிதானமான காலப்பிரமாணம். ஓடுகிற கூட்டத்துக்கு அவர் கச்சேரி ஒத்துவரவில்லை. பொறுமையில்லாதவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். 1984-இல் அவர் மறைந்தபோது சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு வந்திருக்கவில்லை. அவருடைய சமவயதுக்காரரும் அதே மண்ணைச் சேர்ந்தவருமான பாலக்காடு கே.வி. நாராயணசுவாமிக்கு அந்தப் பட்டம் 1986-இல் கிடைத்தது. இன்று ராமநாதனின் பழைய ஒலிநாடாக்களை இணையத்தில் தேடித்தேடிக் கேட்கிறார்கள். அவர் சஹானாவுக்காக உருகுகிறவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. அவர் மேடையில் இருந்த நாட்களில், அடுத்த சபாவில் பெரிய கூட்டம் இருக்கிறது என்று தெரிந்தும் நகராமல் உட்கார்ந்திருந்த சிலர்தான் அவரைப் பாடவைத்தார்கள். அவர்கள் கையில் இருந்த அட்டவணையிலும் அவரைவிடப் பெரிய எழுத்தில் வேறு பெயர்கள் இருந்திருக்கும்.

உலகத்துப் பெரிய விழாக்களிலும் இப்படிப்பட்ட அனுபவம் உண்டு. 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சர்வதேச விழா ஆரம்பித்தபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலேயே வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. அட்டவணையில் இல்லாத அந்த எட்டுக் குழுக்களிலிருந்து கிளம்பியதுதான் இன்று மூல விழாவைவிடப் பெரிதாகிவிட்ட 'ஃப்ரிஞ்ச்' விழா. யாரோ சிலர் அச்சடித்த நிகழ்ச்சி நிரலை மூடி வைத்துவிட்டுத் தெருவில் நடந்திருக்கிறார்கள்.

நிரலை மூடி வைக்கச் சொல்லவேண்டியதில்லை. அதில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். தினம் மாலைக்கு ஒரு பெயர் பெற்ற கச்சேரி; பகலுக்கு இதுவரை கேள்விப்படாத ஒரு பெயர்; வாரத்தில் இரண்டு காலை விரிவுரை; வாரத்துக்கு ஒரு மாலை எதுவும் குறிக்காமல் காலி. அந்தக் காலி மாலைதான், முந்தின நாள் காண்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "நேத்து அந்தப் பையனைக் கேட்டேளோ?" என்று சொன்ன இடத்துக்குப் போவதற்கு. சீசனில் அச்சாகாத அட்டவணை ஒன்று உண்டென்றால் அது காண்டீன் மேஜையில்தான் கிடைக்கும். போளியும் காபியும் சாப்பிட்டுக்கொண்டே ராகங்களுக்கு மார்க் போடும் அந்த நீதிபதிகள் சொல்வது பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

கல்பாத்திக்காரருக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. யார் வந்தாலும் உட்கார்ந்து கேட்பது என்று ஒரே மேடை முன்னால் பழகிய உடம்பு அது. பெயர் தெரியாத ஒருவர் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகத் தோன்றாது. அந்தப் பழக்கத்தைச் சென்னைக்கும் எடுத்து வந்தால் போதும். அக்ரஹாரத்து அப்பளமும் கொண்டாட்டமும் சேர்ந்து வரத்தான் போகின்றன.

பட்டியல் தயாரானதும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கோடு போட்ட எல்லாப் பெயர்களும் ஏற்கெனவே தெரிந்த பெயர்களாக இருந்தால், ஒன்றை அடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக் கச்சேரி ஒன்றைச் சேர்க்கலாம். அடித்த பெயர் நாலு நாளில் இன்னொரு சபாவில் கிடைத்துவிடும். சேர்த்த பெயருக்கு அன்று ஓர் ஆள் கூடுதல்.